220 யூரோவுக்கு அறை, கூடவே ஒரு வாள்

27 ஆகஸ்ட் 2023, கேள்வி

அண்ணா, ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காகப் பணம் போட்டு முடக்கிவைத்த கணக்கு) மாதம் 934 யூரோதான் வரும். பல்கலைக்கழக விடுதியில் காத்திருப்போர் பட்டியல் அனுமார் வால். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பெரிய பங்களா, தோட்டம், பியானோ, மாதம் 220 யூரோ, இணையம் உட்பட. ‘ஆண் மாணவர் மட்டும், கூட்டு வாழ்க்கையில் ஆர்வம் இருக்க வேண்டும்’ என்று போட்டிருக்கிறார்கள். கூடத்துப் படத்தில் சுவரில் இரண்டு வாள் மாட்டியிருக்கிறது. இது என்ன இடம்? போகலாமா?

27 ஆகஸ்ட் 2023, இரவு 10.15

போகாதே தம்பி. அது ஃபெர்பிண்டுங் வீடு. மாணவர் சங்கம் என்று மொழிபெயர்த்தால் நம் ஊர் ஆள் கொடி, கோரிக்கை, உண்ணாவிரதம் என்று நினைத்துக்கொள்வான். இவர்கள் வேறு ரகம். நிறத் தொப்பி, மார்பில் குறுக்கே மூவண்ணப் பட்டை, கையில் பீர். அந்த வாள் அலங்காரத்துக்கு இல்லை. தினமும் எடுத்துப் பழகி, ஒருநாள் வேறொரு சங்கத்துப் பையனை எதிரில் நிறுத்தி முகத்தில் வெட்டிக்கொள்வார்கள். சத்தியமாக இந்தக் காலத்தில்தான்.

28 ஆகஸ்ட் 2023, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் பாதி தப்பு. எல்லாச் சங்கமும் வெட்டிக்கொள்வதில்லை. உறுப்பினர் ஆனால் வாள் சண்டை கட்டாயம் என்பவை ஒரு வகை. விருப்பம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்பவை இன்னொரு வகை. கத்தோலிக்கச் சங்கங்கள் வாளைத் தொடுவதே இல்லை, திருச்சபை இதைப் பாவம் என்று ஒதுக்கிவிட்டது. அங்கேயும் ஊர்வலத்துக்கு இடுப்பில் வாள் கட்டுவார்கள், நம் ஊர் மாப்பிள்ளை கையில் கத்தி கொடுக்கிற மாதிரி. ஆகவே சுவரில் வாள் தொங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ‘கட்டாயமா, விருப்பமா, இல்லையா’ என்று முதல் தொலைபேசியிலேயே கேள். அவர்களுக்கு அது ரொம்பச் சாதாரணமான கேள்வி. நாம் ‘வெஜ்ஜா, நான்வெஜ்ஜா’ என்று கேட்பதுபோல.

28 ஆகஸ்ட் 2023, மதியம்

வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருக்கிறாய். உண்மையில் இந்த இழையில் உருப்படியான கேள்வி அதுதான், வாள் எல்லாம் வேடிக்கை.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் மாணவர்கள் இல்லை, பழைய மாணவர்கள். ‘ஆல்ட்டே ஹெரன்’ என்பார்கள், பெரியவர்கள். இருபது வயதில் சேர்ந்தவன் சாகும்வரை உறுப்பினன். படிப்பு முடித்து, வேலைக்குப் போய், மாதாமாதமோ வருடாவருடமோ பணம் கட்டிக்கொண்டே இருப்பான். கூரையில் ஓடு மாற்றுவது, சமையல்கார அம்மாவுக்குச் சம்பளம், பீர் பீப்பாய், எல்லாம் அந்தப் பணம். நீ கொடுக்கும் 220 யூரோ வாடகையே இல்லை தம்பி, சும்மா ஒரு மரியாதைக்கு. மீதியை ஹாம்பர்க்கில் ஒரு பல் மருத்துவரும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு வக்கீலும் கட்டுகிறார்கள். நாளைக்கு நீயும் அப்படிக் கட்டுவாய் என்ற நம்பிக்கையில் கட்டுகிறார்கள். வாழ்நாள் உறவு என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

சும்மா அறை மட்டும் எடுத்துக்கொண்டு சேராமல் இருக்கலாம், பல வீடுகளில் அதற்கு இடமுண்டு. ஆனால் இரண்டாம் பருவம் வந்ததும் ‘என்னப்பா, யோசித்தாயா’ என்று ஆரம்பிப்பார்கள். கோபமாக இல்லை, பாசமாக. பாசம்தான் சமாளிக்க முடியாது.

29 ஆகஸ்ட் 2023

என் கதையைக் கேட்டவர்களுக்கு. 2014 அக்டோபரில் போய் இறங்கியபோது எனக்கும் இதே விளம்பரம்தான், 190 யூரோ. (சங்கத்தின் பெயர் வேண்டாம்.) பார்க்கப் போனேன். கிழக்குப் பக்க மேட்டில் கோபுரம் வைத்த வீடு. படியேறும்போது ஒரு சத்தம். தகரத்தில் ஈர்க்குமாறு அடிப்பதுபோல, சீராக, டக் டக் டக் டக், நிறுத்தம், மறுபடி டக் டக். மேல் மாடியில் இரண்டு பேர் தலைக்கவசத்தோடு பழகிக்கொண்டிருந்தார்கள். அறையில் வியர்வையும் பழைய தோலும் கலந்த நாற்றம், மழைக்காலத்தில் கிரிக்கெட் பேட் வைத்த பையைத் திறந்த மாதிரி.

அறை அருமையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வால்நட் மரம். நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது சொன்னால் நான் வீரன் மாதிரி தெரியும், அப்படி ஒன்றும் இல்லை.

29 ஆகஸ்ட் 2023, இரவு

மென்சூர், அதாவது அந்த வாள் சண்டை பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

லத்தீனில் ‘அளவு’ என்று பொருள். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து நிறுத்துவார்கள், அதிலிருந்து வந்த பெயர். நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. பின்வாங்கக்கூடாது, தலையைச் சாய்க்கக்கூடாது, முகம் சுளிப்பதுகூடக் குற்றம். கண்ணுக்குக் கம்பிவலைக் கண்ணாடி, அதிலேயே மூக்குக்கு ஒரு தகடு. கழுத்துக்குத் தடித்த பட்டை, உடம்புக்கு இரும்புச் சங்கிலிச் சட்டை. கன்னமும் நெற்றியும் உச்சந்தலையும் மட்டும் திறந்திருக்கும். வாள் கை தலைக்கு மேலே, மணிக்கட்டிலிருந்து சுழற்றி வெட்டு. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு வெட்டு, சில நொடிதான். பிறகு நிறுத்தம். இப்படி முப்பது சுற்றுவரை போகும். பக்கத்தில் துணையாள் குனிந்து உட்கார்ந்திருப்பான், விதி மீறினால் பாய்ந்து தடுப்பான். டாக்டர் ஒருவர் இருப்பார். காயம் பட்டால் அங்கேயே தையல், மரத்துப்போகும் ஊசி போடாமலே தைப்பது வழக்கம்.

ஜெயித்தவன் யார் என்று கேட்காதே. ஜெயிப்பது தோற்பது இதில் இல்லை. அசையாமல் நின்றாயா என்பதுதான் கணக்கு. எதிராளி பின்வாங்கவில்லை, நீ தலையை இழுத்துக்கொண்டாய் என்றால், உன் உடம்பில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் உன் சங்கமே உன்னைக் கடிந்துகொள்ளும்.

முன்காலத்தில் இப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் மாணவன் இடுப்பில் வாளோடுதான் திரிவான், சண்டை என்றால் குத்து. நுரையீரலில் குத்துப்பட்டுச் செத்தவர்கள் உண்டு. அதனால்தான் குத்தை விட்டு வெட்டுக்கு மாறினார்கள், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாளால் குத்தும் சண்டை ஏறக்குறைய ஒழிந்தது. அப்போதும் சண்டைக்கு ஒரு சாக்கு வேண்டும். ஒருவன் மற்றவனைப் பார்த்து ‘முட்டாள் பையா’ என்று சொல்ல வேண்டும். அது வசவு இல்லை, சம்பிரதாயம். சொன்னால் சவால் விட்டதாக அர்த்தம். காரணமில்லாமல் சண்டை போட ஆசைப்பட்டவர்கள் தெருவில் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவார்களாம். பிறகு அந்த நடிப்பும் வேண்டாம் என்று, சங்கமும் சங்கமும் பேசி ஜோடி சேர்த்துவிட ஆரம்பித்தார்கள். இன்று நடப்பது அதுதான், எதிராளிமேல் எந்தப் பகையும் இல்லை. மார்க் ட்வெய்ன் 1878இல் ஹைடெல்பெர்க் போய்ப் பார்த்துவிட்டு வந்து பக்கம் பக்கமாக எழுதினார்.

சட்டம்? கோட்டிங்கனில்தான் வழக்கு எழுந்தது. 1953இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், இருவரும் சம்மதித்து, காப்புக் கவசத்தோடு செய்தால் குற்றமில்லை என்றது.

30 ஆகஸ்ட் 2023

வடு பற்றி ஒரு பின்குறிப்பு. ‘ஷ்மிஸ்’ என்பார்கள். நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் படித்தவன், தைரியசாலி, நல்ல குடும்பம் என்பதற்கு அதுவே அடையாள அட்டை. பெரும்பாலும் இடது கன்னத்தில் இருக்கும், எதிராளி வலது கைக்காரன் ஆயிற்றே. சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் படிக்கும்போது வடுவோடு வீட்டுக்குப் போனதும் அம்மா பளாரென்று ஒரு அறை விட்டாராம். எந்தக் கன்னத்தில் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

30 ஆகஸ்ட் 2023, சற்று கழித்து

‘இதெல்லாம் நிலப்பிரபுத்துவ மிச்சம், முற்போக்காளன் யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டான்’ என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். தோழரே, மார்க்ஸ். 1835இல் பான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனவர், ட்ரியர் ஊர்ப் பையன்களின் மதுக்கடைச் சங்கத்துக்குத் தலைவர்களில் ஒருவர். இரவில் குடித்துவிட்டுக் கூச்சல் போட்டதற்குப் பல்கலைக்கழகச் சிறையில் ஒருநாள். 1836 ஆகஸ்டில் பிரஷ்யப் பிரபு வீட்டுப் பையன் ஒருவனோடு சண்டை, இடது கண்ணுக்கு மேல் காயம். அப்பா ‘போதும்டா’ என்று பெர்லினுக்கு மாற்றிவிட்டார். தாடிக்குப் பின்னால் வேறு என்னென்ன இருந்ததோ.

ஆமாம், பல்கலைக்கழகத்துக்கே சொந்தச் சிறை இருந்தது. ஹைடெல்பெர்கில் 1778 முதல் 1914 வரை நடந்த சிறையை இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். முதல் சில நாள் ரொட்டியும் தண்ணீரும். பிறகு வெளியிலிருந்து சாப்பாடு வரும். வகுப்புக்குப் போய்வர அனுமதி உண்டு, வகுப்பு முடிந்ததும் சமர்த்தாகச் சிறைக்குத் திரும்ப வேண்டும். சுவர், கூரை, படிக்கட்டு எங்கும் பெயர், தேதி, தொப்பி போட்ட நிழலுருவம். ஒரு தடவையாவது உள்ளே போகாமல் பட்டம் வாங்குவது அவமானம் என்று நினைத்த காலம்.

1 செப்டம்பர் 2023

ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க்கைப் பற்றி நேற்று வேறொரு இடத்தில் ‘பூர்ஷன்ஷாஃப்ட் ஆள்’ என்று எழுதிவிட்டேன், பிடித்துக்கொண்டார்கள். அவர் கோர் ஆள். (இரண்டும் இருவேறு வகை மாணவர் சங்கம், கீழே சொல்கிறேன்.) 1832இல் கோட்டிங்கன் வந்தபோது முதலில் பூர்ஷன்ஷாஃப்ட் பக்கம் எட்டிப்பார்த்தார், அவர்களுடைய நடத்தை பிடிக்காமல் ஹனோவெரா என்ற கோரில் சேர்ந்தார். மூன்று பருவத்தில் இருபத்தைந்து மென்சூர். மதிலோரம் ஒரு குட்டி வீட்டில் குடியிருந்தார், அந்த வீடு இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடை போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள்.

கோர், பூர்ஷன்ஷாஃப்ட் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் இந்த விஷயமே பிடிபடாது. கோர் பழையது, 1800ஐ ஒட்டிய காலத்தில் உருவானது. உன் அரசியல், உன் மதம் எங்களுக்கு வேண்டாம், ஒழுங்காக நின்று வெட்டு வாங்கு என்பது அவர்கள் கொள்கை (காகிதத்தில்). 1848இல் பல ஊர்க் கோர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன, அது இன்றும் உண்டு. பூர்ஷன்ஷாஃப்ட் பிறந்ததே அரசியலுக்காக. நெப்போலியனோடு போரிட்டுத் திரும்பிய மாணவர்கள் 1815 ஜூன் 12 அன்று யெனாவில் தொடங்கியது. ஒரே ஜெர்மனி வேண்டும், குறுநில மன்னர்கள் வேண்டாம். அவர்கள் நிறங்களிலிருந்து வளர்ந்ததுதான் கறுப்பு, சிவப்பு, பொன். இன்றைய ஜெர்மானியக் கொடி ஒரு மாணவர் சங்கத்து வீட்டிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்.

1817 அக்டோபரில் வார்ட்பூர்க் கோட்டையில் ஐந்நூறு பேர் கூடினார்கள். பேச்சு, பாட்டு, கடைசியில் நெருப்பு. பிடிக்காத புத்தகங்களின் பெயரை எழுதிய பழைய காகிதக் கட்டுகள் (அசல் புத்தகம் விலை அதிகம், மாணவன் பாவம்), கூடவே ஒரு ராணுவ இடுப்புக்கச்சை, ஒரு சடைமுடி, கார்ப்பரல் கைத்தடி. அந்தக் கூட்டத்தில் இருந்த கார்ல் சாண்ட் என்ற மாணவன் 1819 மார்ச்சில் நாடகாசிரியர் கோட்சபூவைக் குத்திக் கொன்றான். அதைச் சாக்காக வைத்து ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அதே வருடம் கார்ல்ஸ்பாத் ஆணைகளைக் கொண்டுவந்தார். சங்கங்களுக்குத் தடை, பத்திரிகைக்குத் தணிக்கை, பேராசிரியர்கள்மேல் கண்காணிப்பு.

அப்போது புரட்சிக்காரர்கள். நூறு வருடம் கழித்து அதே பெயரில் என்ன ஆனார்கள் என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

2 செப்டம்பர் 2023

அதற்கு முன் பீர். கேட்காமல் விடமாட்டீர்கள்.

அறை வேண்டாம் என்று சொன்ன பிறகும் என்னை ஒரு ‘க்னைப்பே’க்கு விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். குடிக்கிற கூட்டம் என்று போனேன். போனால் கோயில் திருவிழா மாதிரி ஒழுங்கு. யார் எங்கே உட்கார வேண்டும், யார் எப்போது எழ வேண்டும், எந்தப் பாட்டுக்கு எத்தனை அடி, எல்லாவற்றுக்கும் விதி. தலைமை தாங்குகிறவன் மேசையில் வாளைத் தட்டி ‘சிலென்ட்சியும்’ என்று கத்தினால் முழு அறையும் கப்சிப். பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் நான்கு மூலையிலும் கொண்டை வைத்த ஆணி. எதற்கு என்று பார்த்தால், மேசையில் சிந்திய பீரில் புத்தகம் நனையாமல் தூக்கி நிறுத்த. இத்தனை கூர்மையாக யோசித்த மனிதர்கள் துடைக்கத் துணி வைக்க யோசிக்கவில்லை.

நான் குடிப்பதில்லை. ஸ்பெட்சி கேட்டேன், கோலாவும் ஆரஞ்சும் கலந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஒரு பொடியன் என்னைப் பார்த்து ‘பியர்யுங்கே’ என்று கத்தினான். வாள் சவாலின் கேலி வடிவம், யார் கோப்பையை முதலில் காலி செய்வது என்று போட்டி. பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் ‘தொங்குது என்று சொல்’ என்று காதில் சொன்னார். சொன்னேன். அரை லிட்டர் ஸ்பெட்சியை ஒரே மூச்சில் குடித்து, மூக்கு வழியே பாதி வந்தது. தோற்றேன். கைதட்டினார்கள்.

அந்தக் கிழவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு கோடு. எருமைப் பாலில் எத்தனை கொழுப்பு, ஜல்லிக்கட்டு மாட்டுக்கு என்ன தீனி என்று ஒரு மணி நேரம் கேட்டார். மதுரைப் பக்கம் பிறந்ததற்கு என்னை அவ்வளவு மரியாதையாக யாரும் அங்கே விசாரித்ததில்லை.

3 செப்டம்பர் 2023

ராகிங்தானே இது என்று மூன்று பேர். புதுசாகச் சேர்ந்தவனை ‘ஃபுக்ஸ்’, அதாவது நரி என்பார்கள். பீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, வரலாறு மனப்பாடம் பண்ணுவது அவன் வேலை. அவனுக்கென்று ஒரு மூத்தவனை அவனே தேர்ந்தெடுத்துக்கொள்வான், கடைசிவரை அந்த அண்ணன் தம்பி உறவு நிற்கும். நான் பார்த்தவரை கொடுமை இல்லை. ஆனால் நான் விருந்தாளி, விருந்தாளி கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பழைய காலத்தில் நிச்சயம் கொடுமைதான். புது மாணவனுக்குக் கொம்பு வைத்த தொப்பி மாட்டி, கொம்பை ரம்பத்தால் அறுத்து, உடம்பை இழைப்புளியால் இழைத்து ‘மிருகத்தை மனுஷனாக்கிவிட்டோம்’ என்று ஒரு சடங்கு இருந்தது. பல்கலைக்கழகமே நடத்தியது. 17ஆம் நூற்றாண்டில் மூத்தவர்கள் புதியவர்களின் பணத்தையும் துணியையும் பறித்து வேலைக்காரனாக வைத்துக்கொண்டது தாங்க முடியாமல்போய், 1660களில் பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசித் தடுத்தன. நம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997. நான் விடுதியில் சேர்ந்தபோது அந்தச் சட்டம் இருந்தது, அறிவிப்புப் பலகையில். அதற்குக் கீழே நிற்கவைத்துத்தான் என்னைப் பாடச் சொன்னார்கள். அதனால் மேலே ரொம்பக் கேலி பண்ணாமல் அடக்கி வாசித்திருக்கிறேன்.

5 செப்டம்பர் 2023

தம்பி தனியாக எழுதியிருக்கிறான்: ‘கறுப்பாக இருக்கிறேன், அதனால் ஏதும் பிரச்சனை வருமா அண்ணா’. இதை முதல்நாளே பேசியிருக்க வேண்டும். ஆணியும் பீரும் எழுதிக்கொண்டிருந்தேன்.

1920இல் பூர்ஷன்ஷாஃப்ட் கூட்டமைப்பு ஐசெனாக்கில் கூடி, யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. ஆஸ்திரியாவில் அதற்கு முன்பே, 1896இல், யூதனோடு வாள் சண்டையே கிடையாது, அவனுக்கு மானம் என்று ஒன்று இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். சியோனிசத்தை நிறுவிய ஹெர்ட்சல் வியன்னாவில் இப்படி ஒரு சங்கத்தில் இருந்து, 1883இல் வெறுத்து வெளியேறியவர். யூத மாணவர்கள் 1886இல் பிரெஸ்லாவில் சொந்தச் சங்கம் கட்டி, அவர்களும் வாளெடுத்தார்கள். மானம் இல்லை என்றவனுக்கு அதே வாளால் பதில்.

நாஜிகள் வந்ததும் ஒரு பெரும் பகுதி கைதட்டி வரவேற்றது. 1933 மே 10 புத்தக எரிப்பை முன்னின்று நடத்தியதே மாணவர் அமைப்புதான். பிறகு நாஜிகளுக்கே இவர்கள் தேவைப்படவில்லை. 1935இல் ஹைடெல்பெர்கில் சாக்ஸோ-போரூசியா கோர் பையன்கள் சாப்பாட்டு மேசையில் ‘ஃப்யூரர் அஸ்பாரகஸைக் கத்தியால் சாப்பிடுவாரா, முள்கரண்டியாலா, கையாலா’ என்று வாதம் பண்ணியது வெளியே போய், பெரிய ரகளையாகி, அந்தக் கோருக்கு மூடுவிழா. ஓரிரு வருடத்தில் மற்றவையும் கலைந்தன. இன்றைக்குச் சிலர் இந்தக் காய்கறிக் கதையைச் சொல்லி ‘நாங்களும் எதிர்த்தோம்’ என்பார்கள். அது எதிர்ப்பு இல்லை, மேட்டுக்குடி நக்கல்.

போன தலைமுறைக் கதை என்று விடவும் முடியாது. 2011இல் அதே ஐசெனாக் கூட்டத்துக்கு ஒரு மனு வந்தது. சீனப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்த ஒரு மாணவனைச் சேர்த்த சங்கத்தை வெளியேற்ற வேண்டுமாம். பத்திரிகைகளில் நாறியது. அதன் பின் பல சங்கங்கள் அந்தக் கூட்டமைப்பை விட்டு விலகின. விலகியவையும் உண்டு, தங்கியவையும் உண்டு. நீ பார்த்த வீடு எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. வாள் கட்டாயமா என்பதைவிட இது முதல் கேள்வி. நான் முதலில் வேறு மாதிரி சொன்னேன், திருத்திக்கொள்.

6 செப்டம்பர் 2023

பெண்கள் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற கேள்வி நியாயம். பிரஷ்யாவில் பெண்கள் முழு மாணவர்களாகச் சேர 1908 ஆனது. பெண்களுக்கான சங்கங்களும் இருபாலர் சங்கங்களும் இன்று சில உண்டு, ஆனால் கோரும் பூர்ஷன்ஷாஃப்டும் இன்னும் ஆண் கோட்டைதான். விருந்துக்கு வரலாம், உறுப்பினராக முடியாது. கோட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கியவர் ஊர் நடுவே நீரூற்றில் ஏறி வாத்துக்காரப் பெண் சிலைக்கு முத்தம் கொடுப்பது வழக்கம். சிலை 1901இல் வைத்தது. 1926இல் நகராட்சி தடை போட்டது, யாரும் கேட்கவில்லை. என்னுடன் படித்த தோழி ஏறி முத்தம் கொடுத்தாள். அந்தச் சடங்குக்கு ஆண் பெண் பார்ப்பதில்லை.

11 செப்டம்பர் 2023

தம்பி விசாரித்துவிட்டான். கோர். விருப்ப வாள் இல்லை, கட்டாயம். உறுப்பினர்களில் ஒரு துருக்கியப் பையனும் ஒரு பெருவியனும் இருக்கிறார்களாம், வீடியோ அழைப்பில் பேசியிருக்கிறான். ‘ஒரு பருவம் வாடகைக்கு மட்டும் இருந்து பார், சேரச் சொல்ல மாட்டோம்’ என்றார்களாம். போகவா என்று மறுபடி கேட்கிறான்.

முதல் இரவில் ‘போகாதே’ என்று அடித்துச் சொன்னவன் இப்போது தடுமாறுகிறேன். நான் 190 யூரோ அறையை வேண்டாம் என்றதற்குக் காரணம் கொள்கை இல்லை. பயந்தேன். வாளுக்கு இல்லை. வருடா வருடம் யாருக்கோ கடன்பட்டவனாக இருக்கப் பயம். பிறகு 310 யூரோவுக்கு அடித்தளத்தில் ஈரச் சுவர் அறையில் இரண்டு வருடம் இருமினேன். 2016இல் பயிற்சி வேலைக்கு ஜெர்மன் ஆள் யாராவது பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்றபோது எழுதிக் கொடுத்தவர் அந்தக் கால்நடை மருத்துவர்தான். ஒரே ஒரு முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பெட்சி குடித்தவனுக்கு. கையெழுத்துக்குப் பின்னால் அவர்கள் சங்கத்து முத்திரைச் சுழியும் ஒரு ஆச்சரியக்குறியும். வேலை கிடைத்தது. அந்தச் சுழியைப் பார்த்துக் கிடைத்ததா, என் மதிப்பெண்ணைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அது அரிக்கிறது.

போய் இரு. ஒரு பருவம். வாடகை ஒப்பந்தத்தில் அறை மட்டும்தான் என்று எழுத்தில் வாங்கு. க்னைப்பேக்குக் கூப்பிட்டால் போ, ‘தொங்குது’ என்று சொல்லக் கற்றுக்கொள், ஸ்பெட்சியை மெதுவாகக் குடி. காலையில் அந்த டக் டக் சத்தத்தில் தூக்கம் போகும், காதுக்குப் பஞ்சு இங்கிருந்தே எடுத்துப் போ, அங்கே விலை அதிகம்.